திரில்லர் படங்களில் வழக்கமாக வருபவை: எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது?

செந்தூல்காரன்

நாங்கள் சில பேர் சேர்ந்து கோலாலம்பூரிலேயே ஒரு திரில்லர் குறும்படம் எடுக்கக் கதை எழுதிக்கொண்டிருக்கிறோம். பேச உட்கார்ந்தாலே ஒருவர் ஒரு காட்சியைச் சொல்வார், உடனே இன்னொருவர் "இதெல்லாம் எல்லாப் படத்திலும் வந்தாச்சு" என்பார், அதோடு பேச்சு படுத்துவிடும். அதனால்தான் இங்கே வந்து கேட்கிறேன்.

எவற்றைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். மனைவியையோ தங்கையையோ பறிகொடுத்துவிட்டுத் தாடியோடு தூக்கமில்லாமல் அலையும் போலீஸ்காரர். சுவர் முழுக்கப் படங்கள், நடுவே சிவப்பு நூல். கொலைகாரன் போன் போட்டு "முடிந்தால் பிடி" என்பான். மேலதிகாரி கேஸைப் பிடுங்குவார், ஹீரோ சஸ்பெண்ட் ஆவார், ஆன பிறகுதான் உருப்படியாகத் துப்பறிவார். பெண் வீட்டில் தனியாக இருக்கும்போது கரண்ட் போகும், தப்பி ஓடும்போது கார் கிளம்பாது, போனில் லைன் இருக்காது. கடைசியில் பார்த்தால் ஆரம்பத்தில் ஓரமாக வந்து போன ஒரு நல்ல மனிதர்தான் கொலைகாரன், அவருக்குச் சின்ன வயதில் ஒரு கொடுமை நடந்திருக்கும், அதை நீளமான பிளாஷ்பேக்கில் காட்டுவார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவை எதுவும் தப்பில்லை. ஒவ்வொன்றும் கதையில் ஒரு வேலை செய்ய வந்தவைதான். போனில் லைன் இல்லை என்றால் அந்த ஆளுக்கு உதவி வரக்கூடாது, அவ்வளவுதான் தேவை. சஸ்பெண்ட் ஆக்குவது ஹீரோவைத் தனி ஆளாக்க. கொலைகாரனின் போன் நேரக் கெடு வைக்க. தனிமையும் கெடுவும் இல்லாமல் திரில்லர் ஏது? ஆனால் நாம் என்ன செய்கிறோம் என்றால், தேவையை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் அதற்கு வேறு படத்தில் சொன்ன காரணத்தையும் சேர்த்துத் தூக்கி வந்துவிடுகிறோம். நம் ஊரில் ஒருவர் மாட்டிக்கொள்ள நம் ஊருக்கே உரிய காரணங்கள் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடச் சோம்பல்பட்டுக் கரண்டை நிறுத்துகிறோம்.

ஓர் உதாரணம். கொலைகாரன் இரவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் நுழைகிறான் என்று எழுதினோம். படங்களில் நேராக லிப்டில் ஏறிப் போய்விடுவான். இங்கே ஒரு கொண்டோவில் அப்படிப் போக முடியுமா? கார்ட் ஹவுஸில், அதாவது வாசல் காவலறையில், நிறுத்துவார்கள், ஐசி என்கிற அடையாள அட்டையையோ லைசென்ஸையோ வாங்கி வைத்துக்கொள்வார்கள், நோட்டில் பெயர், கார் நம்பர், எந்த வீடு, எத்தனை மணி என்று எல்லாம் ஏறும். பல இடங்களில் நோட்டை நம் பக்கம் திருப்பி நம்மையே எழுதச் சொல்வார்கள். அப்படியானால் கொலைகாரன் தன் கையெழுத்தை அங்கே விட்டுவிட்டுத்தான் மேலே போகிறான். நூல் கட்டித் தொங்கும் அந்தப் பேனாவைக் கையில் வாங்கிவிட்டு என்ன பெயர் எழுதுவது என்று ஒரு கணம் நிற்கிறான் பாருங்கள், அதைக் காட்டினாலே போதும். மழையும் வேண்டாம், இடியும் வேண்டாம்.

எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம் என்று உங்கள் பக்கத்திலிருந்து சொல்லுங்கள்.

கிள்ளான் பையன்

ப்ரோ, எல்லாம் சரி, ஆனால் ட்விஸ்ட் இல்லாவிட்டால் அது திரில்லரே இல்லை. மக்கள் டிக்கெட் வாங்குவதே கடைசிப் பத்து நிமிடத்துக்காகத்தான். அதை முதலில் யோசித்து வைத்துவிட்டுப் பின்னோக்கி எழுதுங்கள்.

பழைய ரீல்

செந்தூல்காரன் தம்பி சொல்லும் விஷயத்தை எழுபது வருடத்துக்கு முன்பே தமிழில் ஒருவர் செய்து காட்டிவிட்டார். "அந்த நாள்", 1954, ஏவிஎம் தயாரிப்பு, இயக்கம் எஸ். பாலசந்தர், அதுதான் வீணை பாலசந்தர். பாட்டே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம். சிவாஜி கணேசன் ஹீரோ, ஆனால் படம் தொடங்கும்போதே சுடப்பட்டுச் செத்துக் கிடப்பார். யார் சுட்டார்கள் என்று விசாரிக்க வரும் சிஐடி அதிகாரியிடம் ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள், ஒவ்வொருவர் கதையிலும் செத்தவன் ஒவ்வொரு விதமாகத் தெரிவான்.

இந்த அமைப்பு வெளியிலிருந்து வந்ததுதான், அது ஊருக்கே தெரியும். ஆனால் கொலைக்கான காரணம் அந்த ஊரில், அந்த வருடத்தில் முளைத்தது. இரண்டாம் உலகப் போர், 1943, சென்னைமேல் ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயம். செத்தவன் ரேடியோ எஞ்சினியர், எதிரிக்குத் தகவல் கொடுத்தவன். அந்தப் பயத்தில் வாழ்ந்த மக்களுக்கு இந்தக் கொலை ஏன் நடந்தது என்று வகுப்பெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. 1941 டிசம்பரில் ஜார்ஜ் டவுனில் குண்டு விழுந்ததைப் பார்த்த நம் பெரியவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். படம் அப்போது வசூலில் தோற்றது, அது வேறு கதை. இன்றைக்கும் போட்டால் உட்கார்ந்து பார்க்கலாம்.

ட்விஸ்ட் பற்றிக் கிள்ளான் தம்பி சொன்னதற்கும் ஒன்று. "புதிய பறவை", 1964. சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பும் கப்பலில்தான் கதை தொடங்கும். மூலம் ஓர் ஆங்கிலப் படம், அது வங்காளத்துக்குப் போய் அங்கிருந்து தமிழுக்கு வந்தது. அறுபது வருடம் ஆகிவிட்டது, சொல்லலாம்: செத்துப்போன மனைவி உயிரோடு வந்து நிற்கிறாள் என்பதிலிருந்து காதலிக்கிற பெண் வரை, ஹீரோவைச் சுற்றி நடந்தது முழுக்கக் காவல்துறையின் நாடகம். முடிவு தெரிந்த பிறகு மறுபடி பாருங்கள். அந்தப் பெண்ணின் ஒவ்வொரு பார்வைக்கும் இன்னோர் அர்த்தம் இருக்கும், எங்கேயும் படம் நம்மை ஏமாற்றியிருக்காது. ட்விஸ்ட் என்றால் அதுதான். இப்போது வருகிற பல படங்களை இரண்டாவது முறை பார்த்தால், கொலைகாரன் தனி அறையில் யாரும் இல்லாதபோதும் அப்பாவி மாதிரி முழித்துக்கொண்டிருக்கிறான். யாருக்காக நடிக்கிறான்?

வெட்டி ஒட்டுபவள்

எடிட்டிங் செய்கிறவள் என்பதால் என் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறேன்.

ட்விஸ்டும் சஸ்பென்ஸும் ஒன்றையொன்று தின்னக்கூடியவை. ஹிட்ச்காக் இதைப் பிரெஞ்சு இயக்குநர் த்ரூபோவிடம் ஓர் உதாரணம் வைத்து விளக்கியிருக்கிறார், சினிமா படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுகிறார்கள், திடீரென்று மேசைக்கடியில் குண்டு வெடிக்கிறது: பார்க்கிறவருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. அதே குண்டை அங்கே வைத்ததை நமக்கு முதலிலேயே காட்டிவிட்டு, ஒரு மணிக்கு வெடிக்கும் என்றும் சொல்லி, இப்போது பன்னிரண்டே முக்கால் என்று கடிகாரத்தையும் காட்டிவிட்டு, அப்புறம் அந்த இருவரையும் அதே சாதாரணப் பேச்சைப் பேசவிட்டால் நமக்குப் பதினைந்து நிமிடம் வயிற்றைப் பிசையும். "எழுந்து போங்கடா" என்று கத்தத் தோன்றும். பேச்சு ஒரு எழுத்துகூட மாறவில்லை. நமக்குத் தெரிந்ததுதான் மாறியிருக்கிறது.

அவர் இதைச் சொன்னதோடு நிற்கவில்லை. "வெர்டிகோ" படத்தில் (1958) பெரிய ரகசியத்தை முடிவுக்கு வெகு முன்னாலேயே நமக்குப் போட்டு உடைத்துவிடுவார், ஹீரோவுக்கு மட்டும் தெரியாது. மிச்சப் படம் முழுக்க "இவனுக்குத் தெரிய வரும்போது என்ன செய்வான்" என்பதிலேயே ஓடும். கடைசிப் பத்து நிமிடத்துக்காக எல்லாவற்றையும் ஒளித்து வைத்தால், அதற்கு முந்தைய ஒன்றே முக்கால் மணி நேரம் நான் வெட்டி ஒட்ட வேண்டிய வெறும் நடமாட்டமாகிவிடும். மேசைக்கு வருகிற காட்சிகளைப் பார்த்துச் சொல்கிறேன், கதவைத் திறக்கிறான், காரில் ஏறுகிறான், இறங்குகிறான். இதற்கு எவ்வளவு பயங்கரமான பின்னணி இசை போட்டாலும் பதற்றம் வராது, ஏனென்றால் எதற்குப் பதறுவது என்று பார்க்கிறவருக்குத் தெரியாது.

அப்புறம் இடைவேளை. இது தமிழ் உட்பட இந்தியப் படங்களில் உள்ள வழக்கம், இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சென்னையில் நடுவில் விளக்குப் போட்டு ஆட்களை வெளியே அனுப்புவார்கள், அதனால் அந்த இடத்தில் ஒரு பெரிய அடி வேண்டும், திரும்பி வருகிறவரை மறுபடி இழுக்க இரண்டாம் பாதியை மெதுவாகத் தொடங்க வேண்டும். இங்கே கோலாலம்பூரில் பெரும்பாலும் இடைவேளையே விடுவதில்லை. "இடைவேளை" என்ற எழுத்து வரும், இரண்டு விநாடியில் படம் தொடரும். உச்சத்தில் கொண்டுபோய் நிறுத்திய படம் அடுத்த காட்சியிலேயே, வெளியே போகாத நமக்கு, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆற அமரச் சொல்ல ஆரம்பிக்கும். பல நல்ல தமிழ்த் திரில்லர்கள் இங்கே நடுவில் தொய்வதாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். நீங்கள் குறும்படம்தானே எடுக்கிறீர்கள், அந்த நடு அடி உங்களுக்குத் தேவையே இல்லை. தமிழ்த் திரைக்கதை என்றாலே கை தானாக அங்கே ஓர் அடியை எழுதிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கிள்ளான் பையன்

அக்கா, குண்டு விஷயம் புரிகிறது. ஆனால் எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டால் மக்கள் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்துவிடுவார்களே.

வெட்டி ஒட்டுபவள்

எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை தம்பி. "த்ரிஷ்யம்" (2013), தமிழில் "பாபநாசம்" (2015), இரண்டும் ஜீத்து ஜோசப்தான். யார் கொன்றது, ஏன் கொன்றது, எப்படி மறைக்கிறார்கள், எல்லாமே நம் கண் முன்னால் நடக்கும். ஒன்றே ஒன்றை மட்டும் மறைத்து வைத்தார்: உடல் எங்கே? யாராவது நடுவில் போனை எடுத்தார்களா?

இரவுப்பணி

நான் தாதி. மனநல வார்டில் வேலை செய்திருக்கிறேன். முதல் பதிவில் கடைசியாகச் சொன்ன வழக்கத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் அது ஒன்றுதான் உண்மையான மனிதர்களை வதைக்கிறது.

"சிகப்பு ரோஜாக்கள்" (1978), "மூடுபனி" (1980) காலத்திலிருந்து இன்று வரை தொடர்கொலைகாரன் என்றாலே சின்ன வயதில் ஒரு காயம், அதனால் மனம் பேதலித்துப் பெண்களைக் கொல்கிறான். கொல்லப்படுகிறவர்களும் பெரும்பாலும் பெண்கள், மாணவிகள். அவர்களுக்குப் பெயர்கூட ஒழுங்காக இருக்காது. கொலைகாரனுக்கு மட்டும் அம்மா, அப்பா, பள்ளிக்கூடம், அழுகை, சோகப் பாட்டு எல்லாம் இருக்கும்.

படம் முடிந்து வெளியே வருகிறவர் மனத்தில் நிற்பது "மனநோய் என்றால் ஆபத்து" என்பது. நடைமுறை நேர் எதிர். கடுமையான மனநோய் உள்ளவர்கள் வன்முறை செய்வதைவிட வன்முறைக்கு ஆளாவதுதான் அதிகம், இது திரும்பத் திரும்ப ஆய்வுகளில் உறுதியானது. அடிபட்டு வந்தவர்களுக்கு மருந்து வைத்துக் கட்டியிருக்கிறேன். அடித்தது பல நேரம் வீட்டு ஆட்கள். இந்த நாட்டில் இன்றைக்கும் ஒருவரைக் கேலி செய்ய வேண்டுமென்றால் "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்கிறோம், மனநல மருத்துவமனை இருக்கும் ஊர் அது. அதனாலேயே தூக்கம் வரவில்லை, காதில் குரல் கேட்கிறது என்று ஒரு பிள்ளை வந்து சொன்னால் குடும்பம் கோயில் கோயிலாகச் சுற்றிவிட்டு, நிலைமை முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருகிறது. படம் எடுக்கிறவர்கள் மேல் முழுப் பழியையும் போடவில்லை. அந்தப் பயத்துக்கு நீங்களும் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்ற வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

கிள்ளான் பையன்

தாதி அக்கா சொல்வது மனத்தில் தைக்கிறது, ஆனால் ஒன்று கேட்கிறேன். கொலைகாரனுக்குப் பின்கதை இல்லாவிட்டால் "ஏன் கொன்றான்" என்று பார்க்கிறவர் கேட்பாரே? "ராட்சசன்" (2018) இவ்வளவு பெரிதாக ஓடியதற்கு அந்தப் பிளாஷ்பேக்கும் ஒரு காரணம் இல்லையா?

இரவுப்பணி

கேட்கட்டும், பதில் கொடுங்கள், நோயைப் பதிலாகக் கொடுக்காதீர்கள். பணம், பொறாமை, பயம், மானம், சொத்து, கடன். நம் ஊரில் வட்டிக்கு விடுகிறவர்கள் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போவதைப் பார்க்காத தாமான் (குடியிருப்புப் பகுதி) உண்டா? அந்த வீட்டுக்குள் இருக்கிற குடும்பத்துக்கு எத்தனை விதமான பயம்! அதிலிருந்து ஒரு திரில்லர் எழுத முடியாதா?

"ராட்சசன்" ஓடியதற்குக் காரணம் அடுத்து எந்தப் பிள்ளை என்ற பதைப்பு என்றுதான் எனக்குப் படுகிறது. பிளாஷ்பேக் வந்தபோது எனக்குப் பதைப்பு குறைந்தது. உருவம் வேறு மாதிரி இருக்கும் ஒரு பையனைப் பள்ளியில் எல்லோரும் கேலி செய்தார்கள், அதனால் கொலைகாரன் ஆனான் என்கிறார்கள். அப்படிக் கேலிக்கு ஆளான எத்தனையோ பிள்ளைகள் அந்தத் தியேட்டரிலும் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

செந்தூல்காரன்

அக்கா, சாயம் ஊற்றிய கதவு. அதை எடுத்துக்கொள்கிறேன், நன்றி. எங்கள் கதையில் கொலைக்குக் காரணம் இதுவரை சரியாக உட்காரவில்லை. கடன் என்றால் எல்லாமே தானாக வந்து சேருகிறது: யாரிடமும் சொல்ல முடியாத தனிமை, தவணைத் தேதி என்கிற கெடு.

கோர்ட் வாசல்

குற்றவியல் வழக்குகள் நடத்துகிறேன். திரில்லர் பார்க்க ரொம்பப் பிடிக்கும், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

முதலில் கெடு. வில்லன் போன் போட்டு "இருபத்து நான்கு மணி நேரம் தருகிறேன்" என்று சொல்லத் தேவையே இல்லை. சட்டமே அந்தக் கெடுவை வைத்திருக்கிறது. மலேசியாவில் ஒருவரைக் கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் வைத்திருக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 117ஆம் பிரிவில் தடுப்புக் காவல் கேட்க வேண்டும். 14 வருடத்துக்குக் குறைவான சிறைத்தண்டனை உள்ள குற்றம் என்றால் முதலில் அதிகபட்சம் 4 நாள், இரண்டாவது முறை 3 நாள். அதற்கு மேற்பட்ட குற்றம், கொலை மாதிரி, என்றால் 7 நாள், அப்புறம் இன்னொரு 7. அதற்குள் கையில் எதுவும் சிக்கவில்லை என்றால் விட்டாக வேண்டும். யோசித்துப் பாருங்கள், இவன்தான் செய்தான் என்று விசாரணை அதிகாரிக்குத் தெரியும், ஆதாரம் இல்லை, பதினான்காவது நாள் சாயங்காலம். அல்லது எதிர்ப்பக்கம்: உள்ளே இருப்பவன் அப்பாவி, வெளியே அவன் அம்மா வக்கீல் தேடி அலைகிறாள். இரண்டாவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அடுத்து வாக்குமூலம். கிளைமாக்ஸில் ஹீரோ அடித்துத் துவைப்பார், வில்லன் "ஆமாம், நான்தான் கொன்றேன்" என்பான், படம் முடிந்துவிடும். போலீஸ்காரரிடம் அப்படி ஒப்புக்கொண்டதை வைத்துக்கொண்டு இந்தியாவிலும் கோர்ட்டில் குற்றத்தை நிரூபிக்க முடியாது, இங்கேயும் விசாரணையில் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் பொதுவாக ஆதாரமாக எடுபடாது. ஆனால் சந்தேக நபர் கொடுத்த தகவலை வைத்துப் போய்ப் பார்த்து அங்கே ஒரு பொருள் கிடைத்தால், கத்தியோ உடலோ, அந்தத் தகவல் செல்லும். இங்கே 1950 ஆதாரச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. இப்போது வெட்டி ஒட்டுபவள் சொன்னதைத் திரும்பப் பாருங்கள். "பாபநாசம்" ஏன் மற்ற எல்லாவற்றையும் காட்டிவிட்டு உடல் இருக்கும் இடத்தை மட்டும் பூட்டி வைத்தது? வழக்கின் உயிரே அங்கேதான் இருக்கிறது. இயக்குநர் எதை மறைக்க வேண்டும் என்று சரியாகத் தெரிந்து மறைத்திருக்கிறார்.

சுவரில் சிவப்பு நூலை நான் எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை. இங்கே புலன்விசாரணை என்றால் ஐபி என்று சொல்கிற விசாரணைக் கோப்புதான், அது ஐஓ எனப்படும் விசாரணை அதிகாரியின் கையில் இருக்கும், அதற்குள் வாக்குமூலங்கள், படங்கள், விசாரணை நாட்குறிப்பு எல்லாம் இருக்கும். சுவரைவிட அந்தக் கோப்பு எனக்குப் பயங்கரமாகத் தெரிகிறது, ஏனென்றால் அதை மூடி வைக்கலாம், அதில் என்ன இருக்கிறது என்று குற்றம் சாட்டப்பட்டவனுக்குத் தெரியாது.

கைரேகை: "இந்த ரேகை யாருடையது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை" என்ற வசனத்தை இங்கே எழுதுவதற்கு முன் ஒன்று நினைவில் வையுங்கள். 12 வயதில் ஐசி எடுக்கும்போதே நம் எல்லோருடைய இரண்டு கட்டைவிரல் ரேகையும் பதிவாகிவிடுகிறது. மற்ற எட்டு விரல்கள் வேறு விஷயம். கதை எழுதுகிறவருக்கு அந்த இடைவெளி போதாதா?

கடைசியாக, தமிழ்ப் படங்களில் கொலை வழக்கென்றால் 302 என்பது எல்லோருக்கும் மனப்பாடம். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம், அங்கே கொலைக்கு இப்போது 103ஆம் பிரிவு. நம் நாட்டில் இன்னும் 302தான். ஆனால் 2023 ஜூலையிலிருந்து கட்டாய மரண தண்டனை இல்லை, நீதிபதி 30லிருந்து 40 வருடச் சிறையும் கொடுக்கலாம். "தூக்கு நிச்சயம்" என்று வசனம் எழுதாதீர்கள்.

தீவுக்காரி

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் கோலாலம்பூரையே சுற்றி வருகிறீர்கள். திரில்லருக்கென்றே படைத்த ஊர் இங்கே கடலுக்கு நடுவில் கிடக்கிறது.

தீவுக்குள் ஒரு கொலை. கொலைகாரன் காரில் தப்ப வேண்டும். முன்பு என்றால் பெர்ரியில் ஏற்றலாம், இப்போது பெர்ரியில் கார் ஏற்றுவதில்லை, ஆட்களும் மோட்டார் சைக்கிளும் மிதிவண்டியும்தான். மிச்சம் இரண்டு பாலம். 1985இல் திறந்த பழைய பாலம் 13.5 கிலோமீட்டர், 2014இல் திறந்த இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். நடுவில் திரும்ப முடியாது, இறங்க முடியாது. ஒரு துரத்தலுக்கு இதைவிட என்ன வேண்டும்? சந்து சந்தாக ஓடிக் காய்கறித் தள்ளுவண்டியை இடித்துத் தள்ளும் துரத்தலை விடுங்கள், நேர்க்கோட்டில் தப்பிக்க வழியே இல்லாமல் இருபது நிமிடம் ஒரே வேகத்தில் ஓட்டிப் போகிறவனைக் காட்டுங்கள்.

இன்னொன்று, பழைய பாலத்தில் டோல் தீவுக்குள் வரும்போது மட்டும்தான். வெளியே போகும்போது கட்டத் தேவையில்லை. ஆகவே ஒருவன் காரில் எப்போது வந்தான் என்பதற்கு டோல் கட்டும் டச் அண்ட் கோ அட்டையின் கணக்கில் சாட்சி இருக்கும், எப்போது போனான் என்பதற்கு அங்கே சாட்சி இருக்காது. மோட்டார் சைக்கிளுக்கு 2019 தொடக்கத்திலிருந்து டோலே கிடையாது, வந்ததற்கும் தடயமில்லை. இதை வைத்து ஓர் அலிபி கட்டலாம்: காரை அக்கரையில் பட்டர்வொர்த்தில் விட்டுவிட்டு நண்பனின் மோட்டாரில் வருகிறான். கேமராக்கள் இருக்கின்றனதான், ஆனால் "அன்றைக்குப் பார்த்து சிசிடிவி கெட்டுப்போயிருந்தது" என்கிற அந்தத் தேய்ந்த வழக்கத்தைத் தொடவே தேவையில்லை. ஆயிரக்கணக்கான மோட்டார் போகிறது, எல்லோரும் ஹெல்மெட், பாதிப் பேர் ஜாக்கெட்டை முன்பக்கமாகத் திருப்பிப் போட்டிருப்பார்கள். கேமரா வேலை செய்கிறது, ஆனால் உதவவில்லை. அது எவ்வளவு நன்றாக இருக்கிறது!

கிள்ளான் பையன்

கோலாலம்பூர்காரர்கள் சும்மா இருக்கக்கூடாது. மழைக்கு நான் ஒரு வேலை தருகிறேன். ஸ்மார்ட் சுரங்கப் பாதை, 2007இல் திறந்தது. அது சாலை மட்டும் இல்லை, வெள்ள நீர் போகும் வழியும்கூட. பெரிய மழை அடித்தால் காரையெல்லாம் வெளியேற்றிவிட்டுக் கதவை மூடித் தண்ணீரை உள்ளே விடுவார்கள். சுங்கை பீசி பக்கம் உடனே போயாக வேண்டிய ஒருவன், மழையைப் பார்க்கிறான், வழி மூடிவிட்டார்கள், மேலே நெரிசல். மழை அங்கே வெறும் அழகுக்கு வரவில்லை, கதையையே மறிக்கிறது. ட்விஸ்ட் பற்றிப் பேசினாலும் இந்த மாதிரி விஷயமும் எனக்குப் பிடிக்கும்.

பழைய ரீல்

கிள்ளான் தம்பி, அருமை.

கடைசி வழக்கம் ஒன்று மிச்சமிருக்கிறது, யாரும் தொடவில்லை: குற்றவாளி கடைசியில் மாட்டியே தீர வேண்டும். ஹாலிவுட்டில் இது எழுதி வைத்த விதியாகவே இருந்தது. 1934லிருந்து 1960களின் பிற்பகுதி வரை அவர்களுடைய தயாரிப்பு விதிமுறையின்படி குற்றத்துக்குத் தண்டனை காட்டாமல் படம் வெளியிட முடியாது. அந்தக் காலத்துப் படங்களில் கடைசி ஐந்து நிமிடத்தில் அவசர அவசரமாக வில்லன் சாவதற்குக் காரணம் அதுதான். விதி போய்விட்டது, அதைப் பார்த்து வளர்ந்தவர்களின் கை பழகிவிட்டது.

தீவுக்காரி

ஐயா, இதில் எங்கள் தீவுக்கு ஒரு பங்கு இருக்கிறது. "த்ரிஷ்யம்" 2019இல் சீன மொழியில் மறு ஆக்கமாக வந்து பெரிய வெற்றி பெற்றதே, அதன் இயக்குநர் சாம் குவா பினாங்கில் பிறந்தவர். கதையைத் தாய்லாந்தில் வாழும் ஒரு சீனக் குடும்பத்தில் வைத்தார். மூலத்தில் அப்பா கடைசி வரை மாட்டமாட்டார். சீனப் படத்தில் அவராகவே போய்ச் சரணடைவார். சீனாவில் குற்றவாளி தப்பிப்பதாக முடிப்பது எளிதில்லை என்பது தெரிந்ததுதான். ஆனாலும் அந்த முடிவு எனக்குத் திணித்த மாதிரி இல்லை, மகளுக்குத் தான் என்ன பாடம் விட்டுப் போகிறோம் என்ற கேள்வி அந்த அப்பாவைக் குடைகிறது என்பதை அதற்கு முன்பே காட்டிவிடுகிறார்கள். செந்தூல்காரர் முதலில் சொன்ன அதே விஷயம்தான். கட்டாயம் வெளியே இருந்து வந்தது, காரணத்தை அந்தக் குடும்பத்துக்குள் தேடி எடுத்திருக்கிறார்.

வெட்டி ஒட்டுபவள்

மலையாளத்தில் பார்த்தபோது முடிவில் ஒரு நிம்மதி வந்தது, சீனத்தில் பார்த்தபோது கனம் வந்தது. இரண்டுமே வேலை செய்கின்றன. நம் தணிக்கை வாரியத்தை நினைத்து முடிவை எழுதாதீர்கள், செந்தூல்காரரே. உங்கள் ஆள் எப்படிப்பட்டவன் என்பதை வைத்து எழுதுங்கள்.

செந்தூல்காரன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று எல்லோரும் உட்கார்ந்து இதை முழுவதுமாகப் படித்தோம், பழைய வரைவில் பாதி போய்விட்டது.

இப்போது கதை இப்படி நிற்கிறது. செந்தூல் பிளாட்டில் ஒரு குடும்பம், கதவில் சிவப்புச் சாயம். அண்ணன் ஓர் இரவு கொண்டோவுக்குப் போய் அந்த வட்டிக்காரனைப் பார்க்கிறான், கார்ட் ஹவுஸ் நோட்டில் தம்பியின் பெயரை எழுதிவிட்டுப் போகிறான். இதை முதல் ஐந்து நிமிடத்திலேயே காட்டிவிடுகிறோம். தம்பியைப் பிடித்துப் போகிறார்கள், தடுப்புக் காவல் நாட்கள் ஓடுகின்றன, அண்ணன் தினமும் அம்மாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய் உட்கார வைக்கிறான். அம்மாவுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். யாருக்கும் மனநோய் இல்லை, யாரும் சஸ்பெண்ட் ஆகவில்லை. போலீஸ்காரர் குடும்பத்தோடு நன்றாகவே இருக்கிறார், தாடியும் இல்லை. மறைத்து வைப்பது ஒன்றே ஒன்று: அண்ணன் ஏன் தன் பெயரையோ யாரோ ஒருவர் பெயரையோ எழுதாமல் தம்பி பெயரை எழுதினான் என்பது.

ஐசியை வாங்கி வைப்பார்களே, அப்புறம் எப்படித் தம்பி பெயர் என்று கேட்பீர்கள். தம்பியின் லைசென்ஸ்தான் அவன் கையில் இருக்கிறது, இரண்டு பேருக்கும் ஒரே முகஜாடை, இரவு நேரம், காவலாளி படத்தைச் சரியாகப் பார்ப்பதில்லை. இது போதுமா?

கோர்ட் வாசல்

போதும், ஆனால் லைசென்ஸ் எப்போது அவன் கைக்கு வந்தது என்பதை முடிவு செய்துவிட்டு எழுதுங்கள். அன்றைக்கு எதேச்சையாக எடுத்ததா, முதல் நாளே எடுத்து வைத்ததா? திட்டமிட்ட கொலையா இல்லையா என்று அரசு வக்கீல் முதலில் தோண்டப் போவது அதைத்தான். உங்கள் பார்வையாளரும் அங்கேதான் தோண்டுவார். தடுப்புக் காவல் காட்சிகளை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், மாஜிஸ்திரேட் முன்னால் யார் எங்கே நிற்பார்கள், வக்கீல் என்ன கேட்பார் என்பதைத் திருத்தித் தருகிறேன்.

இரவுப்பணி

அந்த அம்மாவுக்குப் பெயர் வையுங்கள். ஸ்டேஷன் பெஞ்சில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறவருக்கு இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு ஏதாவது இருக்கும், மருந்து நேரம் தவறும். அதையும் எழுதுங்கள்.

செந்தூல்காரன்

முதல் நாளே எடுத்து வைத்தது என்றுதான் தோன்றுகிறது. அப்படியானால் முதல் காட்சியை மாற்ற வேண்டும். அம்மா பெயர் மாரியாயி. தடுப்புக் காவல் பகுதியை எழுதி முடித்ததும் அனுப்புகிறேன்.